கை வெடித்த நர்சுகளை வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடம் அவர்களுக்கு, மனிதவளப் பிரிவினருக்கு,

போன வாரம் எல்லா வார்டு நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். கையில் தோல் கோளாறு உள்ள நர்சிங் ஊழியர்கள் நோயாளிகளைத் தொடக் கூடாது, தோல் மருத்துவரிடம் ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்கி வரும்வரை சம்பளமில்லா விடுப்பில் இருக்க வேண்டும், அதற்கான செலவு அவரவர் பொறுப்பு என்கிறது அது. கடைசியில், இந்தக் கோளாறு பெரும்பாலும் மன அழுத்தத்தால் வருவது என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் மன அழுத்த மேலாண்மை வகுப்புக்கு அனைவரும் வந்துவிட வேண்டும் என்று ஒரு வரி. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஆஃபில் எழுந்து வந்து டென்ஷனைக் குறைத்துக்கொண்டு போகச் சொல்லும் யோசனை யாருடையதோ!

இதை உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்க்கத்தான் பார்த்தோம். இன்சார்ஜ் சிஸ்டர்கள் மூலம் எழுதிக் கொடுத்த மனுவுக்கு "பார்க்கலாம்" என்ற பதிலோடு சரி. அதற்குள் எங்களில் சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் அவர்கள் வாடகைக்கு என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

மன அழுத்தத்துக்கும் எக்ஸிமா எனப்படும் கைக் கரப்பானுக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். சுற்றறிக்கையில் இருப்பது அந்த உண்மையில் பாதி. மீதிப் பாதியை விட்டுவிட்டதால்தான் பழி எங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

2001-இல் அமெரிக்காவில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் படிக்கும் 27 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் தோலில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, மேல் அடுக்கைக் கொஞ்சம் சேதப்படுத்தி, அது தன்னைத்தானே எவ்வளவு வேகத்தில் சரிசெய்துகொள்கிறது என்று அளந்தார்கள். விடுமுறை நாட்களில் வேகமாகச் சரியான தோல், பரீட்சை நேரத்தில் அதே ஆட்களுக்கு மந்தமாகிவிட்டது. மனம் நெருக்கப்படும்போது உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்பு உருவாவது குறைகிறது. உள்ளிருக்கும் ஈரம் கசிகிறது, வெளியே இருக்கும் சோப்பு உள்ளே போகிறது. அரிப்பு வருகிறது, சொரிந்தால் இன்னும் கிழிகிறது, இரவில் தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் மறுநாள் இன்னும் டென்ஷன். சுவீடனில் ஸ்டாக்ஹோம் வட்டார மக்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்விலும், மன அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்களிடம் கைக் கரப்பான் அதிகமாகவே இருந்தது.

ஆனால் அந்த மாணவர்களின் தோலை முதலில் சேதப்படுத்தியது டேப். பரீட்சை செய்ததெல்லாம் சேதம் ஆறாமல் பார்த்துக்கொண்டதுதான். எங்களுக்கு டேப்பின் வேலையைச் செய்வது தண்ணீரும் சோப்பும் க்ளவுசும். பரீட்சையின் வேலையைச் செய்வது நீங்கள் போடும் டூட்டி ரோஸ்டர். இரண்டுமே இந்தக் கட்டடத்துக்குள்தான் நடக்கின்றன. யாரும் வீட்டிலிருந்து கொண்டு வந்ததில்லை.

தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 'ஈர வேலை' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, அடிக்கடி கை கழுவ வேண்டியிருந்தாலோ அது தோலுக்கு ஆபத்தான வேலை, முதலாளி பாதுகாப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும். எங்கள் ஐ.சி.யூ.வில் காலை ஷிஃப்டில் ஒரு நர்ஸ் டிஃபன் நேரம் வருவதற்குள்ளேயே அந்த அளவைத் தாண்டிவிடுவாள். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், ரத்தக்குழாயில் லைன் போடும் முன், சளியைச் சக்ஷனில் எடுத்த பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஐந்து தருணங்களையும் ஆடிட்டில் எங்களிடம் சரிபார்க்கிறீர்கள். சரி, பார்க்க வேண்டியதுதான். அதே நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் இன்னும் சிலவற்றையும் சொல்கிறது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சோப்பை விட, தண்ணீரில்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் ஹேண்ட் ரப்தான் முதல் தேர்வு, ரப் போட்ட கையோடு சோப்பும் போடக் கூடாது, தோலில் எரிச்சல் வராமலிருக்க ஊழியர்களுக்கு லோஷனோ கிரீமோ கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தை ஆடிட்டில் யாரும் புரட்டுவதில்லை.

செலவுக் குறைப்பு என்று சொல்லி ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் மாட்டியிருந்த ஹேண்ட் ரப் பாட்டில்களைக் கழற்றி, வார்டுக்கு ஒன்று என்று வாசலில் வைத்தீர்கள். சிங்க் பக்கத்தில் கேனில் வரும் ரோஸ் நிற சோப்புத் தண்ணீர் வந்தது. நர்சிங் ஸ்டேஷனில் இருந்த மாய்ஸ்சரைசர் பம்ப் தீர்ந்தது, மறுபடி வரவேயில்லை. ஆல்கஹால்தான் கையைக் காயவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ரப்பில் கிளிசரின் கலந்திருக்கிறது, தோலின் கொழுப்பைச் சோப்புதான் அதிகம் கழுவிக்கொண்டு போகிறது. ஏற்கெனவே வெடித்த கையில் ரப் பட்டால் சுரீரென்று எரியும் என்பது வேறு விஷயம். எரிகிறதே என்று பெண்கள் சோப்புக்குப் போகிறார்கள், சோப்பு வெடிப்பை இன்னும் ஆழமாக்குகிறது. அடுத்து க்ளவுஸ். ஸ்டோரில் எப்போது கேட்டாலும் பெரிய சைஸ்தான் இருக்கிறது, அதுவும் பவுடர் போட்டது. பவுடர் போட்ட மருத்துவக் க்ளவுசுகளை அமெரிக்கா 2017-லேயே தடை செய்துவிட்டது.

அடுத்தது ரோஸ்டர். முன்பெல்லாம் மாத ரோஸ்டர் இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்துவிடும். குழந்தையின் பள்ளி விழாவுக்கோ, ஊர்த் திருவிழாவுக்கோ, மாமியாரை டாக்டரிடம் காட்டவோ அதை வைத்துத் திட்டம் போடுவோம். இப்போது வார ரோஸ்டர், அதுவும் சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் வருகிறது. நைட் முடித்துவிட்டுப் போய்ப் படுத்தவளை "ஆள் இல்லை, ஈவினிங் வந்துடுமா" என்று போனில் எழுப்புவது வழக்கமாகிவிட்டது. போனை எடுக்காவிட்டால் அடுத்த வாரம் தொடர்ந்து நைட். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பது அங்கீகாரச் சான்றிதழுக்காக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி. இன்ஸ்பெக்‌ஷன் நாட்களில் அப்படித்தான் இருக்கிறது. மற்ற நாட்களில் ஒருத்தி இரண்டு வென்டிலேட்டரையும் எதிர்ப் படுக்கையையும் சேர்த்துப் பார்க்கிறாள். ஒரு பக்கம் அலாரம் அடிக்க, இன்னொரு பக்கம் நோயாளியின் அண்ணன் வந்து சத்தம் போட, கேஸ் ஷீட்டில் டைம் எழுதாததற்கு மெமோ வாங்குகிறாள். ஞாயிறு வகுப்பில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் இதில் எந்த இடத்தில் மூச்சை இழுத்து எந்த இடத்தில் விட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

இது நேராகக் கைக்கு வந்து சேர்வதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். போன வருடம் சேர்ந்த ஒரு ஜூனியர் பெண். சொந்த ஊரில் தோல் பிரச்சினை என்று எதுவும் இருந்ததில்லை. ஜெனரல் வார்டில் இருந்தவரை கை கொஞ்சம் வறண்டிருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். ஐ.சி.யூ.வுக்கு மாற்றித் தொடர்ந்து நைட் போட்டபோது விரல்களின் பக்கவாட்டில் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தோலுக்கடியில் வரிசையாக வந்தன. அரிப்பு தாங்க முடியாமல் ஸ்டேஷன் மேஜை விளிம்பில் விரலைத் தேய்ப்பாள். சில வாரங்களில் கொப்புளம் காய்ந்து, தோல் வட்டம் வட்டமாக உரிந்து, மடிப்பு இருக்கும் இடமெல்லாம் பிளந்துவிட்டது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு வாரம் லீவு எடுத்தாள், நன்றாகத் தூங்கினாள், பாத்திரம் தொடவில்லை, கை பாதிக்கு மேல் ஆறிவிட்டது. திரும்பி வந்து இரண்டு நைட் பார்த்ததும் மறுபடி கொப்புளம். கொப்புளமாக வரும் இந்த வகைக் கரப்பான் வியர்வையிலும் மன நெருக்கடியிலும் கிளம்பும் என்பதை நம் தோல் டாக்டர்களே சொல்வார்கள். வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் தோலின் காப்பு முழுதாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். சுற்றறிக்கை எழுதும் முன் அவர்களில் யாரையாவது கேட்டீர்களா?

கை வெடித்தவளுக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை. ரசம் சோற்றைப் பிசைந்தால் புளி வெடிப்பில் இறங்கும். மகளுக்குத் தலை பின்னினால் முடி விரல் பிளவில் மாட்டி இழுக்கும். பட்டுச் சேலையை மடித்தால் சொரசொரத்த விரல் நூலை உருவிவிடும். எலுமிச்சம்பழம் பிழியப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். இது தொற்று நோய் இல்லை என்று பஸ்ஸில் நின்று யாருக்கு விளக்குவது? டென்ஷனால் கை போகிறது, கை போனதால் டென்ஷன் வருகிறது.

பயோமெட்ரிக் கதையையும் கேளுங்கள். விரல் நுனி உரிந்தவர்களின் ரேகை மெஷினில் விழாது. மலேசியாவில் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கைக் கரப்பான் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கைரேகைச் சரிபார்ப்பு தோற்றுப்போனது. நம் வாசலில் தினமும் அதுதான் நடக்கிறது. கட்டை விரலைத் துடைத்து, ஊதி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் சிவப்பு விளக்குதான் எரியும். பின்னால் வரிசை நிற்கும். ஹெச்.ஆரில் போய்ச் சொன்னால் "கடிதம் கொடுங்க" என்பார்கள். கடிதம் மேஜையிலேயே இருக்கும், சம்பளத்தில் அரை நாள் போயிருக்கும். நோயாளிக்கு ராத்திரி முழுக்க டூட்டி பார்த்தவள் காகிதத்தில் வரவேயில்லை!

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். வெடித்த தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் எளிதில் குடியேறும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது, நோயாளிக்குப் பரவலாம். இந்தக் கவலை நியாயமானது, எங்களுக்கும் உண்டு. ஆனால் சம்பளத்தைப் பிடிப்போம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை வார்டுக்குள் வந்து பாருங்கள். கையை யாரும் காட்ட மாட்டார்கள். க்ளவுசுக்கு மேல் க்ளவுஸ் போட்டு ஷிஃப்ட் முழுக்க ஓட்டுவார்கள், உள்ளே வியர்த்து ஊறிப் புண் இன்னும் பெரிதாகும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த ட்யூப் வாங்கித் தடவுவார்கள். ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது, ஆனாலும் கிடைக்கிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து காகிதமாகிவிடும் என்பது எங்களுக்கே பாடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். சம்பளம் போகும் என்ற பயம் பாடத்தை விடப் பெரிது. புண்ணை மறைக்க வைக்கும் உத்தரவு நோயாளியைக் காப்பாற்றாது.

நம்மிடம் வேலை பழகி ஜெர்மனி போன பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தி வீடியோ காலில் தன் வார்டு சுவரைக் காட்டினாள். எப்போது கழுவ வேண்டும், எப்போது ரப், எப்போது எந்தக் கிரீம் என்று படம் போட்ட ஒரு தோல் பாதுகாப்பு அட்டவணை, அதன் கீழேயே கிரீம் பம்ப். அங்கே முன்பெல்லாம் இது தொழில்சார் தோல் நோய் என்று அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் அந்த வேலையையே விட்டிருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2021 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். வேலையில் இருக்கும்போதே கையைக் காப்பாற்று என்பதுதான் இப்போது அங்கே கொள்கை. அவர்கள் தூக்கிப் போட்டதை நாம் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம்.

சுற்றறிக்கையில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களின் பெயரே இல்லை. பிளீச்சிங் கரைசலிலும் பினாயிலிலும் வெறுங்கையோடு துணியைப் பிழிபவர்கள் அவர்கள். எங்கள் கையை விட அவர்கள் கை மோசம். அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் சுற்றறிக்கைகூடத் தேவைப்படவில்லை போலும், நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. இந்த மடலில் கேட்பதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சட்டத்தையும் ஒரு வரி நினைவுபடுத்துகிறேன். வேலையால் வரும் தோல் நோய்கள், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்சார் நோய்களாக இடம்பெற்றிருந்தவை. தனியார் மருத்துவமனை நர்சுகளின் சம்பளத்தையும் பணிச்சூழலையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டு, அதன்படி அமைந்த குழுவும் வேலை நேரம், விடுப்பு, மருத்துவ வசதி எல்லாம் அரசு நர்சுகளுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாங்கள் கேட்பது சலுகை இல்லை.

அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதன் பேரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை உடனே வேலைக்குக் கூப்பிட்டு, பிடித்த சம்பளத்தை இந்த மாதச் சம்பளத்தோடு கொடுங்கள். கை திறந்த புண்ணாக இருப்பவர்களுக்கு ஆறும்வரை சம்பளத்தோடு ஈரமில்லாத வேலை கொடுங்கள். மருந்து இருப்புக் கணக்கு, டிஸ்சார்ஜ் பேப்பர், இன்ஷூரன்ஸ் டெஸ்க், ஜூனியர்களுக்கு வகுப்பு என்று அப்படிப்பட்ட வேலைக்கு இங்கே பஞ்சமில்லை.

நம் மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே ஊழியர்களுக்கு இலவசமாகப் பரிசோதனை வையுங்கள். எந்தப் பொருளால் அலர்ஜி என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்டும் அதில் இருக்கட்டும். வேலையால் வந்தது என்று டாக்டர் சொன்னால் அதைத் தொழில்சார் நோய் என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். "டென்ஷன்" என்று எழுதி முடிக்காதீர்கள்.

படுக்கைக்கு ஒரு ஹேண்ட் ரப், ஸ்டேஷனுக்கு ஒரு வாசனை கலக்காத மாய்ஸ்சரைசர், பவுடர் இல்லாத நைட்ரைல் க்ளவுஸ் எல்லாச் சைசிலும், தேவைப்படுபவர்களுக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் பருத்திக் கையுறை. இவை ஸ்டோரில் எப்போதும் இருக்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குக் கனமான நீளக் கையுறைகள் வேண்டும், அதைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று கைகழுவிவிடாதீர்கள்.

ரோஸ்டரைப் பழையபடி மாதத்துக்கு ஒன்றாக, இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுங்கள். நைட் முடித்தவரை அன்றே மறு டூட்டிக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள், கூப்பிட்டு வராதவர்மேல் நடவடிக்கை எடுப்பதையும்தான். வென்டிலேட்டர் படுக்கை விகிதம் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத நாளிலும் நடைமுறையில் இருக்கட்டும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று வார்டு போர்டில் எழுதி வையுங்கள். விரல் ரேகை விழாதவர்களுக்கு அட்டையோ முகப் பதிவோ கொடுத்து, வெட்டிய அரை நாட்களைத் திருப்பித் தாருங்கள். மன அழுத்த வகுப்பு நல்லதுதான், டூட்டி நேரத்தில் வையுங்கள், ரோஸ்டர் போடுபவர்களும் அதில் உட்காரட்டும்.

இவற்றில் எது முடியும், எது முடியாது, ஏன் என்பதை அடுத்த மாத ரோஸ்டர் வெளியாகும் முன் எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். எங்கள் சார்பில் வார்டுக்கு ஒருவர், ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ஒருவர் என்று வந்து உட்கார்ந்து பேசத் தயார். பதில் வராவிட்டால் இதே மடலைக் கைகளின் படங்களோடு தொழிலாளர் துறைக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
நர்சிங் ஊழியர்கள் சார்பில்,
ஐ.சி.யூ. சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்